காய்ச்சல் விடும் நாளாகப் பார்த்து

ஒன்பது நாள் வண்டிப் பயணத்துக்கு நான் போட்டதைப் போல ஒரு திட்டத்தை எந்தத் துரையும் போட்டிருக்க மாட்டார். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்லவில்லை. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், டீப்பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக் கீழே அனுப்புகிற குமாஸ்தாவாக இருந்தேன். பத்து வருஷத்தில் நான் அனுப்பிய ஒரு பெட்டிகூட வழி தவறியதில்லை. பெட்டிகளுக்குக் காய்ச்சல் வராது என்பது அப்போது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினொன்று, நடுவிலவளுக்கு ஏழு, கடைசிப் பயலுக்கு நாலு. நடுவிலவளை முந்தின மழைக்காலத்தில் பிடித்த காய்ச்சல் விட்டபாடில்லை. முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், காலை பதினோரு மணிக்குக் குளிர் தொடங்கும். இரண்டு மணிக்கு உடம்பு கொதிக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேர்த்து விட்டுவிடும். மறுநாள் முழுக்க ஒன்றுமே நடக்காதது போல ஓடித் திரிவாள். “தோட்டத்துல இவ்வளவு ஒழுங்கா வேலைக்கு வர்ற ஆளு இந்தக் காய்ச்சல் ஒண்ணுதான் வே” என்று மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரிடம் தமாஷ் பண்ணினேன். அவரும் சிரித்தார். நான் தமாஷ் பண்ணினால் எல்லோரும் சிரிப்பார்கள். அதுதான் என்னைப் பிடித்த சனி.

தோட்டத்து மருந்துக் கொட்டகை டிரஸ்ஸர் கையில் இருந்தது. திருநெல்வேலிச் சீமைக்காரர், கிறிஸ்தவர், என்னைப் போலவே பேசுகிறவர். சித்திரை மாசம் ஒருநாள் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தவர், அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

“ஓய், காய்ச்சக்கட்டி விலாவுக்குக் கீழ இறங்கி நிக்கி. கொயினா மருந்த ஊத்தி ஊத்தி எத்தன நாளைக்கி ஓட்டுவேரு? இந்த மழைய இவ இங்க பாக்கப்பிடாது. வெயிலடிக்கிற சீமைக்குக் கொண்டு போயிரும்.”

“மழைக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குல்லா?”

“கெடக்கு. எண்ணிக்கிட்டே இரியும்.”

வெயிலடிக்கிற சீமை என்றால் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, என் மனைவி பிறந்த ஊர். “என்ற அண்ணன் ஊட்டுல வேற எதுக்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராதுங்க” என்றாள். ரயிலில் போவதென்றால் மதுரைப் பக்கம் இறங்கி, திருச்சி, ஈரோடு என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும். அதற்கும் பாதி வழி மாட்டுவண்டிதான். அத்தனை நெரிசலில் காய்ச்சல்காரியை ஏற்றி இறக்குவதைவிட, ஒரே கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவானது. குமுளிக் கணவாய் இறங்கி, கம்பம், தேனி, பெரியகுளம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி. ஒன்பது நாள்.

இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? மருந்துக்குப் போகிறோம் என்றால் வீடு சாவு வீடு மாதிரி ஆகிவிடும் என்று, ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். சொன்னது பொய். ஆனால் சொல்லி முடித்த மறுநிமிஷம் முதல் அது நிஜமாகிவிட்டது. பெரிய தாள் ஒன்றை ஆபீசிலிருந்து கொண்டுவந்து சுவரில் ஒட்டினேன். ராத்தங்கல் எங்கே, மாட்டுக்குத் தண்ணீர் எங்கே, வழியில் பார்க்க என்ன உண்டு என்று ஒவ்வொன்றாக எழுதினேன். சுருளி அருவி. பெரியகுளத்து மாந்தோப்பு. பழனி மலை, அதில் மயில். கடைசிப் பயல் கடல் வேண்டும் என்று உருண்டான். நாங்கள் போகிற வழியில் கடல் எங்கே இருக்கிறது? அதையும் எழுதினேன். எழுதுவதற்கென்ன?

நடுவிலவள் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா, சுருளி அன்னிக்கி எனக்குக் காச்ச நாளா, விட்ட நாளா?”

நான் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. விரலை மடக்கி எண்ணினேன். “காச்ச நாள்தான் ஏட்டி.”

“அப்ப நான் வண்டிக்குள்ள படுத்துக் கெடப்பேன். இதுக ரெண்டும் குளிக்கும். மாத்திப் போடுப்பா.”

மாற்றிப் போட்டேன். அதுதான் என் திட்டத்தின் சிறப்பு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினேன். காய்ச்சல் வரும் நாள் கறுப்பு மை, விட்ட நாள் சிவப்பு மை. கறுப்பு நாளில் வண்டி நிற்காமல் ஓடும்; அவள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்பாள், எதையும் இழக்க மாட்டாள். பார்க்க வேண்டியதெல்லாம் சிவப்பு நாளில் வரும். சுருளி சிவப்பு, மாந்தோப்பு சிவப்பு, பழனி சிவப்பு. டிரஸ்ஸர் வந்து பார்த்தார். “காய்ச்சலுக்கே சீட்டுக் கிழிச்சிக் குடுத்துட்டேரே” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வண்டிக்காரன் கம்பத்துக்காரன், எனக்குப் பல வருஷப் பழக்கம். அரிசி மூட்டையோடு மலைக்கு வந்தவனைப் பிடித்து, எங்களுக்காகக் கூண்டு வண்டி கொண்டுவரச் சொன்னேன். “வைகாசி அஞ்சு வெள்ளன குமுளிப் பேட்டையில நிப்பேன் பிள்ளை. நீங்க அங்க வந்து ஏறிக்கிருங்க” என்றான். பேட்டை என்பது கணவாய் இறங்குமுன் வண்டிகள் மாடு அவிழ்த்துப் போடுகிற இடம். தோட்டத்திலிருந்து அதுவரைக்கும் டீவண்டியிலேயே போய்விடலாம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் மலையில் ஒரு மனிதனுக்கு மூன்று தேதி. துரை ஆபீசில் இங்கிலீஷ் தேதி, வீட்டில் தமிழ்த் தேதி, குமுளிச் சுங்கச் சவுக்கையில் திருவிதாங்கூர்ச் சர்க்காருக்குக் காட்டுகிற சீட்டில் மலையாளத் தேதி. தினம் இருபது சவுக்கைச் சீட்டு எழுதி எழுதி என் கை மலையாளக் கையாகிவிட்டது. அவன் வைகாசி அஞ்சு என்றதும், நான் தாளில் இடவம் அஞ்சு என்று எழுதினேன். இரண்டும் ஒரே மாசம்தானே. அநேகமாக ஒரே நாளில்தான் பிறக்கும். சில மாசம் மட்டும், சூரியன் மத்தியானத்துக்கு மேல் ராசி மாறினால், தமிழர்களுக்கு அன்றைக்கே மாசம் பிறந்துவிடும், மலையாளிகளுக்கு மறுநாள்தான். எனக்கு இது தெரியாததல்ல. அந்த வருஷப் பஞ்சாங்கத்தைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி கேட்டாள். அதையும் சொல்லிவிட வேண்டும். அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, “ஏனுங்க, என்ன கெழமைன்னு கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள்.

“பத்து வருஷமா வண்டி அனுப்புதவன்கிட்ட கெழம கேக்கியே, நாளைக்கிப் பசுவுகிட்டப் போயிப் புல்லுன்னா என்னன்னு கேப்ப போலயே!”

பிள்ளைகள் சிரித்தன. அவளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

முந்தின ராத்திரி டீவண்டியில் ஏறி, இடவம் அஞ்சாம் தேதி, சிவப்பு நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்குக் குமுளிப் பேட்டையில் இறங்கினோம். நடுவிலவள் குதித்து இறங்கினாள். பேட்டையில் நாலைந்து சரக்கு வண்டிகள் நின்றன. கூண்டு வண்டி இல்லை. ஓலைச் சாய்ப்பு ஒன்றில் ஒரு கம்பத்து ஆத்தா கஞ்சி விற்றுக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை மரத்தடியில் விட்டுவிட்டு அவளிடம் போய்க் கேட்டேன்.

“கூண்டு வண்டிக்காரனா? நேத்து வெள்ளன வந்தவன் பொழுதடையிற மட்டும் இங்கனயேதான் கெடந்தான். குமாஸ்தா குடும்பம் வருதுன்னு எங்கிட்ட நாலு தடவ சொன்னான். நீ தானா அது? நேத்துல்லய்யா வைகாசி அஞ்சு!”

எனக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான். திரும்பி மரத்தடிக்கு வருவதற்குள் முப்பது அடி நடந்திருப்பேன். அந்த முப்பது அடியில் ஒரு வேலை செய்தேன்.

“பய ஏமாத்திட்டான்” என்றேன் என் மனைவியிடம். “வரவே இல்லையாம்.”

“அட, கட்டையில போறவன்!” என்றாள் அவள். அப்படித் திட்டுகிறவள் அல்ல.

சரக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு கம்பம் திரும்புகிற ஒருவன் எங்களைப் பார்த்துவிட்டு வந்தான். மாட்டுக்கு லாடம் கட்ட வேண்டும், மறுநாள் விடியலில் கிளம்புவேன், வாருங்கள் என்றான். கூண்டு கிடையாது, வேண்டுமானால் ஒரு படுதாவைக் கட்டிக்கொள்ளலாம்.

“போயிறலாமுங்க” என்றாள் என் மனைவி. “எதுல போனா என்னங்க? எறங்கினாப் போதும்.”

நடுவிலவள் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் அவளுக்கு அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தவன்.

“அப்பா, நாளைக்கிக் கிளம்பினா எல்லாம் ஒருநாள் தள்ளிப் போயிருமே. சுருளி கறுப்புல வரும். பழனியும் கறுப்புல வரும்.” உதடு பிதுங்கியது. “நான் ஒண்ணுமே பாக்க மாட்டேன்.”

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தாளில் நான் எழுதியதை இவ்வளவு நம்பிய ஒரு ஆள் அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை. சரி, நாளைக் கறுப்பு நாளை இந்தச் சாய்ப்பிலேயே கழித்துவிட்டு, நாளை மறுநாள் சிவப்பு நாளில் கிளம்பினால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று தீர்மானித்தேன். அந்தச் சரக்கு வண்டிக்காரனிடமே, கூண்டு வண்டிக்காரன் வாக்குத் தவறிவிட்டான் என்று சொல்லி, அவனை நாளை மறுநாள் வரச்சொல்லித் தகவல் கொடுத்தேன்.

“ரெண்டு நாளுங்க” என்றாள் என் மனைவி.

“சுத்திப் பாக்கத்தான வந்திருக்கோம்? முதல்ல குமுளியச் சுத்திப் பாப்போம்.”

வெள்ளிக்கிழமை காய்ச்சல் சொன்ன நேரத்துக்கு வந்தது. சாய்ப்பில் இருந்த சாக்கையெல்லாம் அவள்மேல் போட்டோம். மத்தியானம் மழை பிடித்தது. பெருமழை பிடிக்கிற இடவப்பாதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, இது கோடைமழை என்று நான் எல்லோரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். ஓலை ஒழுகுவதற்கு அந்த விளக்கம் போதவில்லை. கஞ்சிக்கார ஆத்தா தன் பாயைக் கொண்டுவந்து பிள்ளைக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நடுவிலவள் எழுந்து கஞ்சி குடித்தாள். கால் தள்ளாடியது. தூக்கிக்கொண்டு சவுக்கையைத் தாண்டிப் போனேன். அங்கே ஒரு பாறை, அதற்கப்பால் மலை சட்டென்று முடிந்துவிடும். கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வெயிலில் கிடந்தது. வயலும் குளமும் தோப்பும், தாம்பாளத்தில் பரப்பிவைத்தது போல.

“அவ்வளவு வெயிலாப்பா?” என்றாள்.

“அவ்வளவும் உனக்குத்தான்.”

“சுருளி எங்க இருக்கு?”

மலை மடிப்பில் ஏதோ ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். “மாந்தோப்பு?” கறுப்பாகத் தெரிந்ததைக் காட்டினேன். “பழனி?” அது ஐந்து நாள் வழி. வயல் நடுவே இருந்த ஒரு கரட்டைக் காட்டினேன்.

“பழனிமலை இத்தினிக்கூண்டா?”

“தூரத்துலருந்து பாத்தா எல்லா மலையும் இத்தினிக்கூண்டுதான்.”

“மயிலக் காணுமே.”

“இன்னும் முழிச்சிருக்காது. முருகன் எழுப்பினாத்தான எந்திரிக்கும்?”

அவள் சிரித்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ஒவ்வொன்றாகப் புளுகிக்கொண்டே இருந்தேன். உடுமலை, பொள்ளாச்சி, மாமா வீட்டுக் களம், களத்தில் காய்கிற மிளகாய், எல்லாம் காட்டினேன்.

மத்தியானத்துக்குள் வந்துவிட வேண்டிய வண்டி வரவில்லை. மழைதான் வந்தது. கணவாயில் மரம் விழுந்து வழி அடைத்துக்கிடப்பதாக, நடந்து ஏறி வந்த ஒருவர் சொன்னார். மாலை நாலு மணிக்கு அவளுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. சிவப்பு நாளில் வந்தது. குளிரே இல்லாமல் நேராகக் கொதித்தது. முறை தவறி வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த டிரஸ்ஸர் ஒரு ராத்திரி வழிக்கு அப்பால் இருந்தார். பல் கிட்டிக்கொண்டது. கொயினாவை ஊற்றினேன், கடைவாயில் வழிந்தது. அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் அடங்கிவிட்டாள்.

பேட்டைக்காரர்கள் இரண்டு பேரும் நானுமாகக் காட்டோரம் குழி தோண்டினோம். மழையில் மண் இளகியிருந்ததால் சீக்கிரம் முடிந்தது.

நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது கூண்டு வண்டி ஏறி வந்தது. வண்டிக்காரனுக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டான்.

“என்ன பிள்ளை, என்னய வாக்குத் தவறினவன்னு சொல்லி அனுப்புனீகளாமே! புதங்கெழம வெள்ளன வந்து பொழுதடையிற மட்டும் நின்னேன். இந்த ஆத்தாவக் கேளுங்க. மறுநா சின்னமனூர்ல கல்யாண வண்டி, அதான் எறங்கிட்டேன். வைகாசி அஞ்சுன்னா வைகாசி அஞ்சுதான?”

கஞ்சிக்கார ஆத்தா கையைக் காட்டி அவனை அடக்கினாள். அவன் சுற்றிலும் பார்த்தான். பிள்ளைகளை எண்ணினான். தலைத்துண்டை அவிழ்த்தான்.

என் மனைவி எழுந்து அவனிடம் போனாள். “புதங்கெழமையிங்களா?” என்றாள்.

“ஆமா தாயி.”

“பொழுதுக்கும் நின்னீங்களா?”

“ஆமா தாயி.”

“உங்களக் கட்டையில போறவன்னு திட்டிப்போட்டனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. வண்டியப் பூட்டுங்க.”

என்னைப் பார்க்கவே இல்லை. நான்தான் கிட்டப் போய், தோட்டத்துக்கே திரும்பிவிடலாமே என்று என்னவோ சொன்னேன். அப்போதுதான் திரும்பினாள்.

“எங்கீங்க திரும்பறது? இதுக ரெண்டுக்கும் அதக் காட்டறேன், இதக் காட்டறேன்னு சொல்லி வெச்சிருக்கீங்கல்லங்க. காட்டுங்க. ஒண்ணு விடாமக் காட்டுங்க.”

காட்டினேன். சுருளிக்குப் பிரிகிற இடத்தில் வண்டிக்காரன் தயங்கி என்னைப் பார்த்தான். “திருப்புங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அருவிக்கரையில் அவள் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய் நனைத்துக் கொண்டுவந்தேன். பெரியகுளத்தில் மாந்தோப்புக்குள் போய்ப் பழம் வாங்கினேன். அங்கே கண்மாயில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதுதான் கடல் என்று கடைசிப் பயலிடம் சொன்னேன். நம்பினான். “கப்பல் எங்க?” என்றான். “சாப்பிடப் போயிருக்கு” என்றேன். அவன் மட்டும் சிரித்தான். மூத்தவளுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் அம்மா சொன்ன வேலை நடக்க வேண்டும் என்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். “அப்பா, இது என்ன ஆறு? அப்பா, இது என்ன கோயில்?” நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். பழனியில் நிஜமாகவே மயில் இருந்தது. மதிலில் உட்கார்ந்து கத்தியது. நான் அதைக் காட்டவில்லை. என் மனைவிதான் காட்டினாள்.

ஒன்பது நாள் என்று நான் போட்டது சரியாக ஒன்பது நாளேதான் எடுத்தது. பொள்ளாச்சி தாண்டியதும் தரை வெள்ளை வெளேரென்று காய்ந்துகிடந்தது. பனைமர நிழல்கூடச் சுட்டது. என் மனைவி கூண்டுக்கு வெளியே கையை நீட்டி வெயிலில் வைத்துக்கொண்டே வந்தாள்.

மச்சான் வாசலுக்கு வந்து மாட்டைப் பிடித்தார். கடைசிப் பயலை இறக்கினார், மூத்தவளை இறக்கினார், கூண்டுக்குள் குனிந்து பார்த்தார்.

“நடுவுல கண்ணு எங்க அம்மிணி?”

“காச்சலுங்கண்ணா. குமுளீல.”

அவர் இன்னும் ஏதோ வரும் என்று நின்றார். நானும் நின்றேன். அந்த ஒன்பது நாளும் அவள் இதை எப்படிச் சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் பயலை இடுப்பில் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், அவன் காலைக் கழுவிவிட ஆரம்பித்தாள்.

“மாப்ள, உள்ளார வாங்க” என்றார் மச்சான். “வெயில்ல நிக்காதீங்க.”

மூன்றாம் நாள் அதே வண்டியில் மலைக்குக் கிளம்பினேன். அவள் வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. வரமாட்டேன் என்று அவளும் சொல்லவில்லை. வரவில்லை.